பின்சக்கரத்துக்கும் ஷாக் வேண்டுமா?

மலைப்பாதை சைக்கிளில் முன்னால் மட்டும் ஷாக் இருந்தால் ஹார்ட்டெயில். பின்னாலும் இருந்தால் ஃபுல் சஸ்பென்ஷன். கடைப் பேச்சில் ‘டபுள் ஷாக்’. இரண்டு மூன்று வருடம் ஹார்ட்டெயில் ஓட்டிக் கால் பழகி, கையில் கொஞ்சம் காசும் சேர்ந்தவர்களுக்கெல்லாம் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: அடுத்தது ஃபுல் சஸ்பென்ஷன்தானே?

கேள்வி நியாயமானது. உருப்படியான ஒன்றை வாங்க லட்ச ரூபாயைத் தாண்ட வேண்டும் என்பதால் பதிலும் நியாயமாக இருந்தாக வேண்டும். ஆனால் காதில் விழும் பதில்களில் பாதி, முப்பது வருடத்துக்கு முன்பு உண்மையாக இருந்தவை. மீதிப் பாதி எந்தக் காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை. நீங்கள் வாராவாரம் போய்வரும் பாதைதான் இதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் அனுபவம், சம்பளம், நண்பர் வாங்கிய வண்டி எல்லாம் அதற்குப் பிறகு.

நம்பிக்கை: பின்னால் ஸ்பிரிங் இருந்தால் அது ஃபுல் சஸ்பென்ஷன்.

முதலில் இதைத் தீர்த்துவிட வேண்டும். ஏமாறுகிறவர்கள் அதிகம் இருப்பது இங்கேதான்.

ஷாக்கில் ஸ்பிரிங் செய்வது பாதி வேலை. சக்கரம் கல்லில் மோதும்போது ஸ்பிரிங் அமுங்கி அந்த அடியின் ஆற்றலை உள்ளே வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை அடுத்த நொடியே திருப்பியும் கொடுத்துவிடும். அப்படித் திருப்பிக் கொடுப்பதை நிதானப்படுத்துவது டேம்பர். அதற்குள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போக, அந்த ஆற்றல் சூடாக மாறிக் கரைகிறது. டேம்பர் இல்லாத ஷாக், மேட்டில் மோதியதும் உங்களைத் தூக்கிப் போடும். சக்கரத்தைத் தரையில் பிடித்து வைக்காது. ஷாக் என்ற ஒன்றைப் பொருத்துவதே சக்கரம் தரையை விட்டுப் போகாமல் இருக்கத்தான்.

கடையிலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு உள்ளங்கையையும் சீட்டின் மேல் வைத்து முழு பலத்தோடு அழுத்திச் சட்டென்று விடுங்கள். டேம்பர் உள்ள வண்டி ஒரே சீராக மேலே வந்து நின்றுவிடும். வெறும் ஸ்பிரிங் என்றால் எகிறி, இரண்டு மூன்று தரம் ஆடித்தான் அடங்கும். அடுத்து ஒரு கையால் சீட்டையும் மறு கையால் பின்சக்கரத்தின் உச்சியையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புது வண்டியிலேயே லொடலொடவென்று ஆட்டம் கொடுத்தால் பின்பகுதியின் இணைப்புகள் சரியில்லை. ஆறு மாதத்தில் அது இன்னும் மோசமாகும்.

பத்துப் பதினைந்தாயிரத்துக்குக் கிடைக்கும் ‘டபுள் ஷாக்’ வண்டிகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறாது. கனத்த இரும்பு ஃப்ரேம், டேம்பர் இல்லாத ஸ்பிரிங், பெயருக்கு டிஸ்க் பிரேக். இவற்றைக் கேட்டு அடம்பிடிப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள். மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதிக்கும் பையனைக் கவனியுங்கள்: ஒவ்வொரு மிதிக்கும் சீட் கீழே இறங்கி ஏறும். அவன் கால் பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போகிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் காட்சி. ஷாக்கே இல்லாத, எடை குறைந்த, பிரேக் நன்றாகப் பிடிக்கும் சைக்கிளை அதே காசுக்கு வாங்கிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை இரண்டு மடங்கு தூரம் போவான், சைக்கிள் மேல் ஆசையும் வளரும். பெற்றோர்கள் இந்த ஒரு இடத்தில் மட்டும் பிள்ளையின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

இனி நான் ஃபுல் சஸ்பென்ஷன் என்று சொல்வது, டேம்பரும் முறையான பேரிங்குகளும் உள்ள நிஜமான வண்டியைத்தான்.

நம்பிக்கை: பின் ஷாக் ஏற்றத்தில் பலத்தைத் தின்றுவிடும். பந்தயக்காரர்கள் அதைத் தொட மாட்டார்கள்.

ஒரு காலத்தில் இதுதான் உண்மை. 1976-ல் கலிபோர்னியாவின் மாரின் கவுண்டியில், டமால்பைஸ் மலை அருகே கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி முதலானவர்கள் பழைய பருத்த டயர் சைக்கிள்களில் மண்பாதையில் இறங்கிப் பந்தயம் விட்டபோது, முன்னாலும் ஷாக் கிடையாது, பின்னாலும் கிடையாது. பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் பிரேக் ஒன்றுதான். இறங்கி முடிப்பதற்குள் ஹப் சூடேறி உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்துவிடும். அடுத்த இறக்கத்துக்கு முன் பிரித்துப் புது கிரீஸ் வைக்க வேண்டும். ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முன் ஃபோர்க் விற்பனைக்கு வந்தது 1989-ல். அடுத்த வருடமே கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் நெட் ஓவரெண்டும் கிரெக் ஹெர்போல்டும் முன் ஷாக் பொருத்திய வண்டிகளில் ஆளுக்கொரு பட்டம் வென்றார்கள். அதன் பிறகு சில வருடங்களில் முன் ஷாக் வேண்டுமா என்ற பேச்சே அடங்கிவிட்டது.

பின் ஷாக்குக்கு அவ்வளவு சுலபமாக இடம் கிடைக்கவில்லை. தொண்ணூறுகளின் வண்டிகள் மிதிக்கு மிதி அமுங்கி எழுந்தன, எடையும் கூடுதல். ஏறி இறங்கும் குறுக்குநாட்டுப் பந்தயத்தில் ஹார்ட்டெயில்தான் ராஜாவாக இருந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில், எசெக்ஸ் பகுதியின் ஹாட்லி பண்ணையில் கல்லும் பாறையும் பரப்பிய பாதையில் செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவி ஃபுல் சஸ்பென்ஷனில் ஓட்டித் தங்கம் வென்றார். ஒரே ஒரு நொடியில் அவரிடம் தோற்ற சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டர் ஓட்டியது ஹார்ட்டெயில். நான்கு வருடம் கழித்து ரியோவில் அதே ஷூர்ட்டர் ஃபுல் சஸ்பென்ஷனில் வந்து தங்கத்தை எடுத்துக்கொண்டார். டோக்கியோவிலும் பாரிஸிலும் வென்ற பிரிட்டனின் டாம் பிட்காக் ஓட்டியதும் ஃபுல் சஸ்பென்ஷன்தான்.

மாறியவை இரண்டு. ஒன்று, பின்பகுதியின் கணக்கு. இன்றைய ஃப்ரேம்களில் பிவட்டுகள், அதாவது பின்பகுதி அசையும் மூட்டுகள், இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கும் விதத்தால், மிதிக்கும்போது செயின் இழுக்கும் இழுப்பே ஷாக் அமுங்குவதை எதிர்த்து நிற்கிறது. போதாததற்கு லாக்-அவுட் லீவர் வேறு. தட்டினால் ஷாக் கிட்டத்தட்ட இறுகிவிடும். இரண்டாவது, பாதை. கல்லும் வேரும் நிறைந்த ஏற்றத்தில் ஹார்ட்டெயிலின் பின்சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் துள்ளுகிறது. துள்ளும்போது பிடிமானம் போகிறது; ஓட்டுபவரின் முழு உடம்பையும் அது ஒவ்வொரு முறையும் தூக்கவும் வேண்டியிருக்கிறது. அங்கே ஷாக் மிச்சப்படுத்தும் பலம், அது தின்னும் பலத்தைவிட அதிகம்.

வழவழப்பான ஏற்றத்தில் பழைய நம்பிக்கை இன்றும் செல்லும். கொல்லிமலைக்குப் போகும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தார் ரோடு. அங்கே பின் ஷாக்குக்கு வேலையே இல்லை. ஒன்றரை, இரண்டு கிலோ கூடுதல் சுமைதான். ஒரே விலையில் இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஹார்ட்டெயிலில் அந்தக் காசு நல்ல ஃபோர்க்காக, நல்ல பிரேக்காக, நல்ல சக்கரமாக இருக்கும். ஃபுல் சஸ்பென்ஷனில் அதில் பெரும்பங்கு பின் ஷாக்குக்கும் ஃப்ரேமுக்கும் போயிருக்கும்.

நம்பிக்கை: நம் ஊர் ரோடு மோசம். அதனால் பின் ஷாக் அவசியம்.

ரோட்டில் வரும் பள்ளம் தனியாக வருகிறது. தூரத்திலேயே தெரிகிறது. ஒதுங்கலாம், ஒதுங்க முடியாவிட்டால் சீட்டிலிருந்து லேசாக எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் தளர்த்தினால் போதும். அந்த நாலு மூட்டுகளும் கொடுக்கும் அசைவை எந்தக் கம்பெனி ஷாக்கும் கொடுக்காது. பின் ஷாக் தேவைப்படுவது, அடிகள் ஒன்றன் பின் ஒன்றாக, எழுந்து உட்கார அவகாசம் தராமல், வேகத்தில் வரும்போது. பாறைக் குவியலுக்கு நடுவே இறங்குவது, வேர்கள் பின்னிய சரிவு, அடுக்கடுக்காக உடைந்த கல் படிகள் போன்ற இடங்கள்.

நாம் ஓட்டும் இடங்களை நேர்மையாகப் பட்டியல் போட்டுப் பார்க்கலாம். ஏரிக்கரை, கண்மாய்க்கரை, வண்டிப்பாதை, பனங்காட்டுச் செம்மண் தடம்: ஹார்ட்டெயில் தாராளம். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணல்: அங்கே எந்த ஷாக்கும் உதவாது, அகல டயரும் குறைந்த காற்றும்தான் உதவும். வால்பாறை, குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளின் கப்பி ரோடு: ஹார்ட்டெயில் போதும், இறங்கும்போது கை கடுக்கும், அவ்வளவுதான். பின் ஷாக்குக்கு உண்மையான வேலை இருப்பது மலைச்சரிவின் ஒற்றையடிப் பாதைகளில். ஆனால் அவற்றில் பல காப்புக்காட்டுக்குள் இருப்பவை. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், யானை நடமாடும் இடங்களில் உயிருக்கும் ஆபத்து. லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும் முன், சட்டப்படி போகக்கூடிய, உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிற கரடுமுரடான இறக்கம் ஒன்றையாவது உங்களால் பெயர் சொல்ல முடிகிறதா? இந்த ஒரு கேள்வியிலேயே பலருக்கு முடிவு தெரிந்துவிடும்.

பெயர் சொல்ல முடிந்தவர்கள் அந்த இறக்கத்தில் ஹார்ட்டெயிலோடு மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரம் துள்ளித் துள்ளிப் பக்கவாட்டில் போகிறதா? கால் பெடலை விட்டுத் தெறிக்கிறதா? கையும் மனமும் தயாராக இருந்தும், பின்னால் வாங்கும் அடிக்காக மட்டும் வேகத்தைக் குறைக்கிறீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் வண்டியின் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். தயங்காமல் மாறலாம்.

நம்பிக்கை: முதுகுவலிக்கு ஃபுல் சஸ்பென்ஷன் மருந்து.

உட்கார்ந்து ஓட்டும்போது இடுப்பில் ஏறும் அடியைப் பின் ஷாக் குறைக்கும் என்பது சரி. சீட் உயரமும் ஃப்ரேம் அளவும் ஹேண்டில்பாரின் தூரமும் தப்பாக இருந்தால் வரும் வலியை அது தொடாது. ஓட்டாத நாளிலும் வலி இருந்தால் பார்க்க வேண்டியது மருத்துவரை.

அதற்கும் முன்னால் ஒரு செலவில்லாத காரியம் இருக்கிறது. டயரில் இருக்கும் காற்று. பஞ்சர் கடைக்குப் போனால் டயர் ‘கல்லு மாதிரி’ ஆகும்வரை அடித்துத்தான் அனுப்புவார்கள். தார் ரோட்டில் சுமை ஏற்றிப் போன சைக்கிள்களைப் பார்த்த பழக்கம் அது. 70 கிலோ எடை உள்ளவர் 2.3 அங்குல டயரும் டியூபும் போட்டு மண்பாதையில் ஓட்ட, முன்னால் 26, பின்னால் 30 பி.எஸ்.ஐ. அளவில் ஆரம்பிக்கலாம். டியூப்லெஸ் போட்டுவிட்டால் இன்னும் மூன்று நான்கு குறைக்கலாம். அதே வண்டியா இது என்று கேட்கத் தோன்றும். மிகவும் குறைத்தால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிப் பஞ்சராகும் என்பதால் ஒவ்வொரு புள்ளியாக இறக்கிப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்கு ஒரு பிரஷர் கேஜ் வாங்கி வைத்துக்கொள்வது, இந்தக் கட்டுரை சொல்லும் எல்லாவற்றிலும் மலிவான ‘அப்கிரேட்’.

நம்பிக்கை: டிராவல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

டிராவல் என்பது சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம். குறுக்குநாட்டு வண்டிகளில் 100 முதல் 120 மி.மீ., டிரெயில் வண்டிகளில் 150 வரை, எண்டூரோவில் 180 வரை, இறக்கத்துக்கென்றே செய்த வண்டிகளில் 200. மேலே போகப் போக எடை கூடும். முன் ஃபோர்க்கின் சாய்வு அதிகமாகி, மெதுவான ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும். நம் மலைகளில் ஏறாமல் இறங்க வழியில்லை. மேலே கொண்டுபோய் விடும் லிஃப்ட் எதுவும் இங்கே கிடையாது. 120-லிருந்து 140-க்குள் இருப்பது போதும்.

நம்பிக்கை: இருக்கிற ஹார்ட்டெயிலிலேயே பின் ஷாக் வைத்துக்கொள்ளலாம்.

முடியாது. ஃபுல் சஸ்பென்ஷன் ஃப்ரேமே வேறு. முன் ஃபோர்க்கை மட்டும் நீளமாக மாற்றலாமா என்றும் கேட்பார்கள். 20 மி.மீ. கூட்டினால் முன்பக்கம் உயர்ந்து சாய்வு சுமார் ஒரு டிகிரி மாறும். வண்டியின் சுபாவமே மாறிவிடும். ஃப்ரேம் தாங்கும் உச்ச அளவைக் கம்பெனி குறிப்பிட்டிருக்கும், அதைத் தாண்டினால் ஹெட் டியூப் பகுதியில் விரிசல் விடும் அபாயம் உண்டு. ஆனால் அதே டிராவலில் ஸ்பிரிங் ஃபோர்க்கை எடுத்துவிட்டு, காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்யும் நல்ல ஏர் ஃபோர்க் போடுவது உருப்படியான மாற்றம். நல்ல டயர், ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் டிராப்பர் போஸ்ட், நாலு பிஸ்டன் பிரேக் இவையும் அப்படியே. ஹார்ட்டெயிலை மாற்றத் தேவையில்லாதவர்கள் காசைப் போட வேண்டிய இடங்கள் இவை.

நம்பிக்கை: வாங்குவதோடு செலவு முடிந்தது.

கடையில் யாரும் இதைப் பேசுவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏர் ஷாக்கை முதலில் உங்கள் எடைக்குச் சரிசெய்ய வேண்டும். அதன் பளபளப்பான தண்டில் ஒரு சிறிய ரப்பர் வளையம் இருக்கும். ஓட்டும்போது போடும் ஹெல்மெட், பை, தண்ணீர் எல்லாவற்றோடும் ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஓட்டும் நிலையில் ஆடாமல் இருங்கள். வளையத்தை ஷாக்கின் உடம்போடு ஒட்டித் தள்ளிவிட்டு, அழுத்தாமல் மெதுவாக இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். தண்டு நகரக்கூடிய மொத்த நீளம் 50 மி.மீ. என்றால், டிரெயில் வண்டிக்கு 12 முதல் 15 மி.மீ. வரை நகர்ந்திருக்க வேண்டும். குறைவாக நகர்ந்தால் காற்று அதிகம், அதிகமாக நகர்ந்தால் காற்று போதாது. இதைச் செய்யாமல் ஓட்டும் லட்ச ரூபாய் வண்டி நல்ல ஹார்ட்டெயிலைவிட மோசமாகப் போகும். இந்தக் காற்றைப் பஞ்சர் கடையில் அடிக்கக் கூடாது. உள்ளே 150, 200 பி.எஸ்.ஐ.க்கு மேலும் தேவைப்படும். அதற்கென்று ஷாக் பம்ப் தனியாக உண்டு, வண்டியோடு சேர்த்தே வாங்க வேண்டும்.

பிறகு சர்வீஸ். பின் ஷாக்கின் காற்றறையை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்து சீல்களுக்கு கிரீஸ் போடச் சொல்கிறது ராக்‌ஷாக்ஸ். வாரம் மூன்று மணி நேரம் ஓட்டுபவருக்கு நாலே மாதம். டேம்பரைப் பிரித்து எண்ணெய் மாற்றும் பெரிய சர்வீஸ் வேறு; அதற்குத் தனிக் கருவிகளும் பழகிய கையும் வேண்டும், பெரிய நகரங்களில்தான் கிடைக்கும். சின்ன ஊரில் இருப்பவர் ஷாக்கைக் கழற்றி கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டிவரும். பின்பகுதியின் பிவட் பேரிங்குகளும் தேய்பவை. மழைக்காலச் சேற்றில் ஓட்டுபவர்களுக்கு இன்னும் சீக்கிரம். சேறாகிவிட்டது என்று பைக்கோடு சேர்த்து வாட்டர் சர்வீஸுக்கு மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள். அந்த வேகத்தில் அடிக்கும் தண்ணீர் பேரிங் சீலைத் தாண்டி உள்ளே போய்த் துருவைக் கொண்டுவரும். வாளித் தண்ணீர், மெல்லிய பிரஷ், காய்ந்த துணி போதும்.

செகண்ட்ஸில் வாங்குபவர்கள் இதையெல்லாம் இரட்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஷாக்கின் தண்டில் நகத்தால் வருடிப் பாருங்கள், கீறல் தட்டினால் சீல் நிற்காது. கடைசி சர்வீஸ் எப்போது என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் சர்வீஸ் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

நம்பிக்கை: ஹார்ட்டெயிலில் கற்றவர்தான் உண்மையில் ஓட்டத் தெரிந்தவர்.

ஹார்ட்டெயில் தப்பைச் சட்டென்று உணர்த்தும் என்பதால், எங்கே சக்கரத்தை வைப்பது என்று கவனிக்கும் பழக்கம் வரும். அது நல்ல விஷயம்தான். ஆனால் இதை ஒரு தகுதித் தேர்வாக மாற்றி, நாற்பது வயதில் ஆசையாக ஆரம்பிப்பவரையோ மூட்டு ஒத்துழைக்காதவரையோ தாழ்வாகப் பேசுவது தப்பு. பாறைச் சரிவில் தைரியமாக இறங்கவும், அடுத்த நாள் வேலைக்குப் போகும் அளவுக்கு உடம்பு மிச்சமிருக்கவும் பின் ஷாக் உதவுகிறது என்றால், அவருக்கு அதுதான் சரியான வண்டி.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், சமவெளியிலும் எஸ்டேட் ரோட்டிலும் ஓட்டுகிற பெரும்பாலானவர்களுக்கு நல்ல ஹார்ட்டெயிலே போதும். ஃபுல் சஸ்பென்ஷனுக்கு ஆகும் காசில் டயரையும் ஃபோர்க்கையும் பிரேக்கையும் மாற்றிவிட்டு, மிச்சத்தில் புதிய மலை ஒன்றுக்குப் போய்வரலாம். கல் நிறைந்த இறக்கம் எட்டும் தூரத்தில் இருந்து, மாதத்தில் இரண்டு மூன்று தரமாவது அங்கே போகிறவர்கள், சர்வீஸுக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்க முடிந்தால், ஃபுல் சஸ்பென்ஷன் வாங்குங்கள். அது வீண் செலவு இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் நண்பரிடமோ வாடகைக்கோ ஒரு நாள் ஒரு ஃபுல் சஸ்பென்ஷனை வாங்கி, ஷாக்கை உங்கள் எடைக்குச் சரிசெய்துகொண்டு, உங்களுடைய பாதையிலேயே ஓட்டிப் பாருங்கள். கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு மட்டும் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.